கப்பலில் திரும்பி வந்த கடலை

எண்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளானூரில் ஒரு வேர்க்கடலைக் கொட்டகையில் நான் மேற்பார்வைப் பணி புரிந்தேன். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆயினும் கொட்டகையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கணவர் ஆவடித் தொழிற்சாலையில் பணியாற்றியமையால் அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கொட்டகையில் இருபது பெண்கள் கடலையை இயந்திரத்தில் உடைத்து, பருப்பைக் கையால் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். மூட்டைகள் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும்.

அந்தச் சாவி என்னிடம் வந்ததற்குக் காரணம் தண்ணீர். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைப்பதற்கு முந்தைய நாள் மாலையில் அதன்மீது தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி வைப்பது வழக்கம். மறுநாள் ஓடு நெகிழ்ந்து விலக, பருப்பு பிளவுபடாமல் தோலோடு முழுதாக வெளிவரும். இதனை நான் கொட்டகையில் செய்து காட்டிய நாள் முதல் உடைசல் பாதிக்கும் கீழே குறைந்தது. எங்கள் முதலாளி வெள்ளானூரின் பழைய விவசாயக் குடும்பத்தவர். ஒரு கைப்பிடிப் பருப்பை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஒலகத்துல எவனும் நம்ம கிட்ட நிக்க முடியாது" என்றார். நானும் அவ்வாறே நம்பினேன். உலகச் சந்தை என்பது அழகுக்கும் மலிவுக்கும் நடக்கும் போட்டி என்றே என் சிற்றறிவு கருதியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் சரக்கு முழுவதும் கப்பலிலேயே திரும்பி வந்தது.

ஏற்றுமதி முகவர் ஒரு காகிதத்துடன் வந்தார். பருப்பில் பூஞ்சை நஞ்சு இருப்பதாக, வாங்கிய நாட்டின் சோதனைச்சாலை கண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் போகாது, நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும் என்று அவர் விளக்கினார். வேறொரு நாட்டார், ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும்வரை கடலையை உலர்த்தி, உலர்ந்தபடியே உடைத்து, சோதனைச் சான்றுடன் அனுப்புகிறார்களாம். உடைசல் அதிகம், விலையும் அதிகம். எனினும் எங்களிடம் வாங்கியவர் அவர்களிடம் சென்றுவிட்டார். கடைசியாக முகவர், உடைப்பதற்கு முன் ஈரம் படுகிறதா என்று கேட்டார்.

இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். தெளிக்கச் சொன்னவள் நான்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "கெணறு வத்தியிருந்தா தப்பிச்சிருப்போம்க்கா" என்று மூலையிலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பிய மூட்டைகளைப் பின்னறையில் அடுக்கச் சொன்னார். திருநின்றவூரில் கடலை மிட்டாய் போடுபவர் திங்களன்று வந்து அவற்றை எடுத்துக்கொள்வாராம். நான் அறையைத் திறந்துவிட வேண்டுமாம்.

"அவங்க திங்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பினதயா மொதலாளி நம்ம ஜனங்களுக்கு விக்கறீங்க?"

"இன்னாக்கா பேசற? பொறந்ததுலேர்ந்து நீயும் நானும் இதத்தான துன்னுகினு கீறோம். செத்தா பூட்டோம்?"

அவர் கூறியது உண்மை என்பதே என்னை உலுக்கியது. எங்கள் வீட்டு டப்பாவில் இருந்ததும், என் தாய்வீட்டில் தலைமுறைகளாக உண்டதும் அந்த ஈரக் கடலையே. எங்கோ இருக்கும் ஒருவன் தன் மக்களுக்காக அளந்து பார்த்தான். எங்களுக்காக எவரும் அளந்ததில்லை.

அன்று மாலை பெண்கள் சென்ற பின் நான் மட்டும் தங்கினேன். தெளிக்கும் குடத்தையே எடுத்து, ஒவ்வொரு மூட்டையின் வாயையும் அவிழ்த்து, அடிவரை இறங்கும்படி நீர் ஊற்றி, சாக்கால் மூடி, அறையைப் பூட்டினேன். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வெளியே தெரிந்துவிட்டால் எவரும் வாங்கமாட்டார் என்று எண்ணினேன். பிறர் பொருளைக் கெடுக்கிறேன் என்பதை அறிந்தேதான் செய்தேன்.

திங்களன்று கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. பருப்பின்மீது பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. முதலாளி மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். மிட்டாய்க்காரர் செய்த காரியத்துக்கு ஆயத்தமாக இல்லை. அவர் ஒரு பருப்பை எடுத்து வேட்டியில் துடைத்து, வாயில் போட்டு மென்றார்.

"வெயில்ல கொட்டி வறுத்தா பூடும். வெல்லத்துக்குள்ள இன்னா தெரியப் போவுது? வெலைய மட்டும் கொஞ்சம் பாத்துப் போடு நைனா."

ஒரு மூட்டை மிஞ்சாமல் டெம்போவில் ஏறிற்று.

நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டம்மாள் வாசலில் நின்றிருந்தார். வழக்கமாக நான்தான் அவருக்குக் கடலை கொண்டுவந்து தருவேன். வெறுங்கையைப் பார்த்து, இன்று இல்லையா என்று கேட்டார். இனி என்னிடம் கேட்காதீர்கள், கடையில் மிட்டாயும் வாங்காதீர்கள் என்றேன்.

"ஏன், அதுல விஷமா வச்சிருக்கு?" என்று சிரித்தார்.

ஆமாம் என்றேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.