மான் தின்ற மாலை

அப்பா திருகோணமலைக் கோணேசருக்கு வைத்த நேர்த்தி பல வருடங்களாகக் கிடப்பில் கிடந்தது. கல்யாணத்துக்கு முன், சண்டைக் காலத்தில், அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தாராம். ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதங்கள் உள்ளே வைத்துவிட்டார்கள். தமிழ்ப் பேரும் பதுளை விலாசமும் இருந்ததைத் தவிர வேறு குற்றம் இல்லை. வெளியே வந்தால் உனக்கு மாலை சாத்தித் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். வெளியே வந்துவிட்டார், திருகோணமலைக்குத்தான் போகவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அங்கே பஸ் பிடித்துப் போகும்போதெல்லாம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா விடவில்லை, தோட்டத்து ஆட்களோடு பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு நேர்த்தியைப் பற்றி அக்கறையில்லை. கடலைப் பார்க்கவேண்டும், கோட்டைக்குள் சுற்றும் மான்களைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

கோயில் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, வெள்ளைக்காரன் வைத்திருந்த கோட்டை. நாங்கள் போனபோது நம் நாட்டு இராணுவம் இருந்தது. கல்வாசலைத் தாண்டியதும் ஆலமரத்தடியில் மான்கள். எங்கள் லயத்து வீட்டு வாசல்களில் மேயும் ஆடுகளைப் போல ஆளைக் கண்டதும் கிட்டே வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது வாசலில் நின்ற சிப்பாய் விசில் ஊதினான். பின்னால் ஒரு ட்ரக் வந்தது, வழிவிடச் சொல்லியிருக்கிறான். எங்கள் சனமோ பாதையோரம் வரிசை கட்டி நின்றுவிட்டது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற மாதிரியே. நின்ற பிறகு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இங்க எந்த மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பப் போறாங்களோ” என்றார் பெரியம்மா. வரிசை கலைந்தது.

அப்பா மட்டும் கலையவில்லை. அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றார். யாரும் கேட்கவில்லை. மற்றக் கையில் பூசைப் பை. கொம்பு வைத்த மான் ஒன்று வந்து அதற்குள் தலையை விட்டது. வாடாமலிருக்க ஈரத்துணி சுற்றி அம்மா வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்த மாலையை வெளியே இழுத்து, ஆற அமரத் தின்றது. அப்பா கையை அசைக்கவில்லை. சிப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெரட்டுங்கப்பா, வெரட்டுங்க” என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். “சும்மா இரு புள்ள.”

கடைசியில் சிப்பாயே ஓடி வந்து மானைத் துரத்தினான். மீசை சரியாக முளைக்காத பையன். சிங்களத்தில் அப்பாவை மாமா என்று கூப்பிட்டு, பூவெல்லாம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டான். அட்டையை உள்ளே வைக்கச் சொன்னான். “சரி சேர்” என்றார் அப்பா, அந்தப் பையனைப் பார்த்து.

மாலை இல்லாமலே நேர்த்தி முடிந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. போயும் போயும் ஒரு மானுக்குப் பயந்தா இப்படி நிற்பது?

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

“அப்பா, அந்த மானுக்குப் பயந்துட்டீங்களா?”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பெரியவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பாவும் சிரித்தார்.

“ஆமா புள்ள. ரொம்பப் பயந்துட்டேன்.”

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அடுத்த தடவை மான் வந்தால் நான் விரட்டிவிடுகிறேன், நீங்கள் பயப்படாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னேன்.