கடலுக்குப் போய்ச் சேராத வகுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாத விடுமுறையில், காரைக்கால் தலத்தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு நடந்தது. பிள்ளைகளை நான்கு சுவருக்கு வெளியே அழைத்துப் போய், கண்ணில் படுகிற பொருள்களை வைத்தே பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். லீவு போச்சே என்று எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது.

காரணம் என் இடது கால். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப் போன கால் அது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஊன்ற முடியும். கொஞ்ச தூரம் போனால் நிற்க வேண்டும், மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி நிற்க வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும், படித்துக்கொண்டிருந்த தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய நேரம் வந்தது. பள்ளியின் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"உங்க பாடத்துல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா பிள்ளைங்கள வெளில கூட்டிட்டுப் போவணும், விளையாட்டு பீரியடு பாக்கணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஓட முடியுமா உங்களால? இந்த ட்ரெயினிங்குக்குப் போயிட்டு வாங்க. நீங்க மாதிரி வகுப்பு எடுக்குற அன்னைக்கு நானே வந்து பாக்குறேன். முடியும்னு தெரிஞ்சா பெர்மனன்ட். இல்லன்னா, தப்பா எடுத்துக்காதீங்க, வேற ஆளத்தான் பாக்கணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. கெட்டவர் சொல்லியிருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சி கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். எங்களில் முக்கால்வாசிப் பேரைவிட வயதில் சின்னவர். என்னைவிடவும் ஏழெட்டு வயது இளையவர். இரட்டைப் பின்னல் போட்டிருந்தால் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருப்போம். அவர் எங்களை மணலில் உட்கார வைத்து, இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தங்களைக் கேட்கச் சொன்னபோது ஆண் ஆசிரியர்கள் பக்கம் ஒரே கிசுகிசுப்பு. "நாங்கெல்லாம் கொட்டாயில பாடம் நடத்துனவங்கம்மா. சுவரே கெடையாது. எங்களுக்கு வெளிய வந்து நடத்தக் கத்துக் குடுக்குறீங்களா?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாரே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை.

கேட்டவர் எங்களிலேயே மூத்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா. ஊரில் இன்றைக்கும் 'சொல்தா வீடு' என்று சொன்னால்தான் தெரியும். மகனும் பட்டாளத்துக்குப் போகாத குறைதான். கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் விசில். முதல் மாதிரி வகுப்பை நான்தான் எடுப்பேன் என்று அவரே முன்வந்தார். தலத்தெருவிலிருந்து கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் வர வேண்டும். லீவில் சும்மா திரிந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கடல் என்றதும் ஓடி வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எங்களுக்குப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும், சுதந்திர தின ஊர்வலம். பழக்க தோஷத்தில் உயர வாரியாக நிறுத்தினோம். இரட்டை வரிசை, வாய்மேல் விரல். சார் விசில் ஊதினார், ஊர்வலம் கிளம்பியது. வரிசை கலையாமல் இருபுறமும் ஆசிரியர்கள் காவல். போன வேகத்தில் கடலைத் தொட்டார்கள். 'திரும்பு' என்றார், திரும்பினார்கள். நான் பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், எனக்கு அந்த நடை ஆகாது. வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தவர்களிடம் அந்தப் பெண் கேட்டார்.

"என்னென்ன பாத்தீங்க, சொல்லுங்க?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பொடியன் சொன்னான்.

"முன்னால போனவன் மண்டை."

"கடல் பாக்கலியா?"

"பாக்கறதுக்குள்ள சார் திரும்பச் சொல்லிட்டாரு."

எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். பாவம், சார் காதுவரைக்கும் சிவந்து போனார். ஆனால் மனிதர் நல்லவர். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சது இதாம்மா. சரி, எப்புடிப் போவணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "நாளன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்களா டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லோர் முன்னாலும் என் காலைக் காட்டிக் கொடுக்கிறாளே என்று மனசுக்குள் அந்தப் பெண்ணை ஒருமையில் வைதேன். முடியாது என்றேன். ஆனால் தாளாளர் பார்க்க வருகிற வகுப்பு எப்படியும் ஒன்று எடுத்தாக வேண்டுமே. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல வெயிலுக்கு முன்னால நாம ரெண்டு பேரும் சும்மா அந்த வழியா போயிட்டு வருவோமா?" என்று மட்டும் கேட்டார்.

போனோம். என் வழக்கப்படி நான் ஒரு தெருக்குழாயடியில் நின்றேன். "வலிக்குதா", "உக்காருறீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். பக்கத்தில் நின்றபடி, "இங்க என்ன தெரியுது டீச்சர்?" என்றார். பார்த்தேன். குழாயடி ஈரத்தில் குளவிகள் மண்ணை உருட்டி எடுத்துக்கொண்டு ஒரே திசையில் பறந்துகொண்டிருந்தன. அடுத்து நான் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்காகக் கொட்டி வைத்திருந்த கிளிஞ்சல் குவியல். அதற்கடுத்து ஒரு மதகுக் கட்டை. ஆற்றில் தண்ணீர் விடாத மாதம், வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அதே கேள்விதான். திரும்பி வரும்போது சொன்னார்.

"நாளைக்கும் இப்படியே வாங்க. எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நில்லுங்க. நீங்க நிக்கிற எடத்துல பிள்ளைங்களும் நிக்கட்டும். அவ்வளவுதான்."

மறுநாள் கிளம்பினோம். கடற்கரையில் தாளாளரும், பயிற்சியைப் பார்வையிட வந்த கல்வித்துறை அதிகாரியும் எங்களுக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு. வரிசை இல்லை, விசில் இல்லை. மூத்த ஆசிரியர் தன் சைக்கிளின் பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, ஏறாமல் என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் முன்னால் ஓடும்போதெல்லாம், "மெதுவாப் போங்கப்பா, தண்ணி தளும்புது, என்னால வேகமா வர முடியல" என்று குரல் கொடுப்பார். முதல் இரண்டு தடவை நானும் நம்பினேன். பிறகு பார்த்தால் குடத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. பழி என் கால்மேல் விழாமல் அவர் குடத்தின்மேல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.  இதற்கு முந்திய வாரம்வரை அவரோடு நான் சரியாகப் பேசியதுகூட இல்லை.

குழாயடியில் நின்றேன், பிள்ளைகள் குளவியைப் பின்தொடர்ந்து ஒரு வீட்டு ஜன்னல் மூலையில் அதன் கூட்டைக் கண்டுபிடித்தார்கள். கிளிஞ்சலடியில் நின்றேன், அவர்களாகவே வடிவ வாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மதகுக்கு வந்தபோது எனக்கு நிஜமாகவே முடியவில்லை, கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்கள். வெடித்த மண்பாளத்துக்கு எத்தனை மூலை என்று எண்ணுகிறது ஒரு கூட்டம், தேங்கிய தண்ணீரில் மீன்குஞ்சு பார்க்கிறது இன்னொரு கூட்டம். கடல் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. இன்னும் பாதித் தூரம் இருக்கிறது, வெயில் ஏறிவிட்டது, என்னால் போய்ச் சேர முடியாது. வேலை போய்விட்டது என்று அந்தக் கட்டையில் உட்கார்ந்தபடியே முடிவு கட்டிவிட்டேன்.

நினைத்து முடிக்கவில்லை, எதிரே ஜீப் வந்து நின்றது. காத்திருந்து பார்த்து, காணவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தாளாளர் முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"என்ன டீச்சர் இது? கடலுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னா வாய்க்கால்ல விட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

நான் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எங்களோடு நடந்து வந்திருந்த அந்தப் பெண்தான் பேசினார். "டீச்சர் அப்புறம் பதில் சொல்லுவாங்க சார். மொதல்ல பிள்ளைங்களக் கேட்டுப் பாருங்க."

அவர் சலித்துக்கொண்டே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். இறங்கியதும் ஒரு சிறுமி கத்தினாள். "சார், சார், மிதிச்சிராதீங்க! அது கொக்கு நடந்த எடம்!"

தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். பிறகு பின்வாங்கிக் குனிந்து பார்த்தார். சேற்றில் காய்ந்து போன பறவைக் கால்தடங்கள்.

"கொக்குன்னு எப்படிச் சொல்ற?"

"முன்னால மூணு விரலு, பின்னால நீளமா ஒண்ணு. மீன் திங்க வந்துருக்கு சார். தண்ணிகிட்ட வரைக்கும் தடம் இருக்கு பாருங்க."

"அப்புறம் எங்க போச்சு?"

"திரும்பி வந்த தடம் இல்ல சார். அப்ப அங்கேருந்தே பறந்து போயிருச்சு."

 அவர் அந்தத் தடத்தை ஒட்டி ஓரமாகத் தண்ணீர்வரைக்கும் நடந்து போய்த் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். வேட்டி ஓரமெல்லாம் மண். மேலே ஏறி வந்து என்னிடம், "ஓடிப் புடிக்கணுமேன்னு கவலப்பட்டேன். இதுங்க உங்கள விட்டு எங்கயும் ஓடாது போலருக்கே" என்றார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என் வேலை நிரந்தரமானது. அம்மா அன்று எனக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதாள்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேலை கிடைத்த கதையைச் சொல்ல மட்டும் இல்லை. பயிற்சியின் கடைசி நாள் காலையில் பள்ளிக்குள் நுழைகிறேன். எங்களோடு வந்த பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொக்குத் தடம் காட்டிய அந்தச் சிறுமிதான் முன்னால் போகிறாள். இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி, அச்சு அசலாக என்னைப் போலவே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் என் பின்னாலேயே இப்படி நடந்து காட்டிச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! வேலைக்கு வந்த பிறகும் திரும்பிப் பார்த்தால் சட்டென்று நேராக நடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவளுமா என்று நினைத்தேன். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அதற்குள் அவள் நின்றாள். குனிந்து தரையில் எதையோ பார்த்தாள். பின்னால் வந்த பிள்ளைகளும் தொடையில் கை வைத்து விந்தி வந்து, அவள் நின்ற இடத்தில் நின்று, குனிந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எறும்புப் புற்றாக இருக்க வேண்டும், அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவரும் ஓடி ஒளியவில்லை, கையை எடுக்கவும் இல்லை. அந்தச் சிறுமி கூவினாள்.

"டீச்சர், நாங்க டீச்சர் வெளையாட்டு வெளையாடுறோம். இப்ப நாந்தான் டீச்சர்!"

பக்கத்தில் அந்தப் பயிற்சியாளர் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.  நன்றி சொல்ல வாயெடுத்திருந்தால் அழுதிருப்பேன். மதியம் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விட்டார், அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. டீச்சர் என்றால் இப்படித்தான் நடப்பார்கள், நின்று பார்ப்பதற்காகத்தான் இப்படி நடக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் பிள்ளைகள் நம்பிய அந்தக் காலையிலிருந்துதான் நான் தெருவில் கூச்சமில்லாமல் நடக்கிறேன். அதைத் தந்துவிட்டு ஒரு நன்றிகூட வாங்கிக்கொள்ளாமல் போன அந்தச் சின்னப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.