அம்மா ஆடிய சாயங்காலம்

நான் வசிக்கும் ஸ்பெயின் கடற்கரை ஊரில் கோடைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். வந்த புதிதில் நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஊரோ அப்போதுதான் குளித்து, உடுத்தி, வாசனை பூசிக்கொண்டு வெளியே கிளம்பும். விடுமுறைக்கு வந்த ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் கடலோர மதுக்கடைகளுக்குப் போவார்கள். உள்ளூர்க் கிழவர்களும் கிழவிகளும் தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் பிளாசாவுக்கு, அதாவது சதுக்கத்துக்கு, வருவார்கள். ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார். மற்றவர்கள் கைகோத்து பாசோடோப்ளே என்னும் ஜோடி நடனம் ஆடுவார்கள். ஹோட்டல் வரவேற்பில் என் வேலை முடிந்து அந்த வழியாக வரும்போதெல்லாம் எனக்கு மயிலாப்பூரில் தனியாக இருக்கும் அம்மாவின் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கும் ஒரு காலத்தில் சாயங்காலங்கள் இருந்தன. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். மார்கழி என்றால் சபாக் கச்சேரி, மற்ற மாதங்களில் பெசன்ட் நகர் கடற்கரை. கச்சேரியில் அப்பா தொடையில் தாளம் போடுவார், எப்போதும் தப்பாக. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். நாலு பேர் நடுவில் அவர்கள் கை பிடித்துக்கொண்டதென்றால் அது ஒன்றுதான். அப்பா போன பிறகு அம்மா மாலையில் வாசலைத் தாண்டவில்லை. ஃபோனில் கேட்டால், "ஆத்துல வேலை தலைக்கு மேல கிடக்குடி" என்பாள். ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில் அப்படி என்ன வேலை?

போன கோடையில் வற்புறுத்தி அவளை இங்கே அழைத்து வந்தேன். முதல் நாள் மாலை அவளைப் பிளாசாவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால், என் பக்கத்து வீட்டுக்காரி பிலார் அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா தமிழில் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிலாருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எதுக்கும்மா அவகிட்ட இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அவதாண்டி, சொல்லு சொல்லுன்னு கேட்டா. சொன்னேன்."

பிலார் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது, "சோலா?" என்று. ஸ்பானிய மொழியில், "தனியாகவா?" என்று பொருள். நான் இருவருக்கும் விளக்கவில்லை. அதற்குள் பிலார் அம்மாவை எழுப்பி ஆடுபவர்களின் நடுவே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுங்குடிப் புடவையும் என் பழைய கேன்வாஸ் ஷூவுமாக அம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். அதுவரை என் அம்மா ஆடி நான் பார்த்ததே இல்லை. ஊருக்குத் திரும்பும்வரை ஒரு மாலைகூட அவள் தவறவிடவில்லை.

மார்கழிக்கு நான் சென்னை போனேன். பிறந்த ஊர் எனக்கு இப்போது விடுமுறைக்குப் போகிற ஊர்தான். அம்மா மாறியிருப்பாள், தினமும் கச்சேரிக்குப் போவாள், நானும் கூடப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாடவீதியில் மேளம், கோபுரத்தில் விளக்கு, சபா கேன்டீன் வாசலில் கூட்டம். வீட்டிலோ ஆறு மணிக்கே ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"ஒரு தடவை போனேன்," என்றாள் அம்மா. "பக்கத்து சீட்டு மாமி, 'தனியாவா வந்தேள்?'னு கேட்டா. பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்."

"பிலாரும் அதையேதான்மா கேட்டா. அவகூட ஆடினியே!"

"அங்க யாருக்கும் அவரைத் தெரியாதுடி. நான் பாட்டுக்கு சிரிச்சுண்டு இருந்தேன். இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த மாமி சாதாரணமாத்தான் கேட்டா. எனக்குத்தான் அவர் உக்கார்ற பக்கம் திரும்பிப் பாக்க முடியல."

"அப்படின்னா என்னோடயே வந்து இரேன்."

"வரேன், லீவுக்கு. இருக்கறதுக்கு வரமாட்டேன். அவரைத் தெரிஞ்சவா நாலு பேராவது கண்ணுல படணும் எனக்கு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் வாழும் ஊரில் அப்பாவைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அவர் இறந்த வாரத்தில் நான் வரவேற்பு மேசையில் சிரித்த முகத்துடன் அறைச் சாவிகளை நீட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதை நான் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய மாலை, கூப்பிடாமலே அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பெசன்ட் நகர் போனோம். மணலில் உட்கார்ந்து அவள் அப்பாவின் தாளத்தைச் சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். பலூன் சுடும் கடைகளின் விளக்குகள் எரியத் தொடங்கியதும் எழுந்து ஆட்டோ பிடித்தோம். ஏறும்போது ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பானிய மொழியில் பேசி முடித்தேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"பெரிம்மா, உன்ன மைலாப்பூர்ல வுட்டுட்றேன். ஃபாரின் மேடத்த எந்த ஓட்டல்ல வுடணும்?"

நான் கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தாம்ப்பா," என்றாள் அம்மா. அடையாறு பாலம் ஏறி இறங்கியதும், என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும்."