மங்களத்தை முதலில் பாடிய கிராணியார்

மலாக்காவிலிருந்து மெர்லிமாவ் பதினைந்து மைல். பஸ்ஸுக்கு அறுபது காசு. கம்யூனிஸ்டு கலகத்து அவசரகாலமாயிற்றே, வழியில் இரண்டு இடங்களில் எல்லோரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். என் பையில் இருந்த சுருதிப்பெட்டியை இயக்கிக் காட்டச் சொன்னார் மலாய்க் காவலர். காட்டினேன். சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னார்.

நான் போனது கிராணி வைத்தியலிங்கத்தைப் பார்க்க. ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுபவர். கீர்த்தனை இயற்றுவதில் மனுஷர் கில்லாடி. இளவயதில் கும்பகோணத்தில் வயலின் கற்றுவிட்டுக் கப்பலேறியவர். காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, ஆட்கள் பால் வெட்டப் போனதும், காலி ஆபீஸில் மேசையில் தாளம் தட்டிப் பல்லவி அமைப்பார். எல்லாம் தோட்டத்து மாரியம்மன் மேல்தான். கோலாலம்பூரில் நான் அவற்றைப் பாடிக் கைதட்டல் வாங்குகிறேன். அவருக்கோ தோட்டத்து ஜனங்கள் கேட்க வேண்டும் என்றுதான் ஆசை.

போன வருஷத் திருவிழாவில் அவர் புதுப் பாட்டைத் தொடங்குமுன் ஆறு மணி ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. மங்களம் பாடாமல் கச்சேரி நின்றது ஆகாது என்று எல்லோரும் முணுமுணுத்தார்களாம். மறுபடி அப்படி நடந்தால் இனிக் கச்சேரியே கிடையாது என்று கோயில் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"அதான் சார், இந்தத் தடவ மங்களத்த மொதல்லயே பாடிடப் போறேன். அப்புறம் சங்கு எப்ப ஊதினா என்னா லா?" என்றார் வைத்தியலிங்கம்.

பலே யோசனை என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அன்றைய திருவிழாப் பூசை இழுத்துக்கொண்டே போய், ஐந்தரைக்குத்தான் பாயில் உட்கார்ந்தோம். முள்கம்பி வேலிக்குள் தோட்டமே திரண்டிருந்தது. கணீரென்று மங்களம் பாடினார். முடிந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு சுண்டலுக்கு வரிசை கட்டிவிட்டார்கள்! மங்களம் கேட்டால் எழுந்துதானே பழக்கம்? எங்கள் முன்னால் வெறும் தரைதான் இருந்தது.

மனுஷருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே வரிசைக்கே போனார். சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். நின்றபடியே பூர்விகல்யாணியில் எடுத்தார்:

"கம்பி வேலி ஏதுக்கம்மா, காவலாய் நீ நிற்கையிலே."

அனுபல்லவிக்குள் பேச்சு அடங்கிவிட்டது. அண்டாவுக்குப் பின்னால் நின்ற பாக்கியம் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். வரிசை நகரவில்லை; யாரும் யாரையும் தள்ளவுமில்லை. சரணம் முடிந்து மறுபடி பல்லவிக்கு வந்தபோது சங்கு ஊதியது.

"நீங்க முடிங்க கிராணியாரே. சுண்டல நான் லயத்து வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்திடுறேன்," என்றார் பாக்கியம் அக்கா.

மறுநாள் விடியலில் விடைபெற ஆபீஸ் பக்கம் போனேன். பெரட்டுக்கு நின்றவர்கள், வாளியும் கையுமாக, அந்தப் பல்லவியை முனகிக்கொண்டிருந்தார்கள். மத்திமம் ஒருவருக்கும் சரியாக விழவில்லை. நான் ஒரு சுரம் பிசகினால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருபவர், அன்று பெயர்ப் புத்தகத்தின் மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடுவதையும் மறந்து நின்றார்.