நாலாந்தரம் படம் பார்க்க வந்தவர்

குடியால் சீரழிந்த ஓர் ஐரிஷ் பாடகரைப் பற்றிய ஆவணப்படம் ரொறன்ரோ தியேட்டர் ஒன்றில் ஓடியது. பின்னேரக் காட்சிக்கு ஆறேழு பேர்தான் வந்திருந்தோம். என் பக்கத்து இருக்கையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவர் போல ஓர் அண்ணை இருந்தார். திரையில் பாடகர் போத்தலைத் தொடும்போதெல்லாம், "வையடா கீழை!" என்று தமிழில் அதட்டினார். பாடகர் ஒருமுறையும் கேட்கவில்லை.

"அண்ணைக்கு ஐரிஷ்காரன்ரை பாட்டு விளங்குமோ?" என்று மெல்லச் சீண்டினேன்.

"பாட்டு விளங்காது தம்பி. குடி விளங்கும். நான் விட்டு ஆறு வருஷம்."

பாடகரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் காட்டியதும் அவர் எழும்பிவிட்டார்.

"இனி உவன் செத்துப்போவான். நான் வெளியாலை நிக்கிறன். கடைசிப் பாட்டுப் போடேக்கை வந்து கூப்பிடும்."

"முந்தியே பார்த்திட்டியளோ?"

"ஓம், இது நாலாந்தரம். சாவை மட்டும் இன்னும் பார்க்கேல்லை."

பாட்டுத் தொடங்கியதும் போய்க் கூப்பிட்டேன். கதவடியில் நின்றபடியே கூடச் சேர்ந்து உரத்துப் பாடினார். ஒரு சொல்லும் சரியில்லை. மெட்டு மட்டும் இம்மியும் பிசகவில்லை. படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அவர் நிறுத்துவதாயில்லை. கூட்ட வந்த பெண் தும்புத்தடியைப் பிடித்தபடி காத்து நின்றாள். நானும் ஏனோ போகாமல் நின்றேன்.