இருமல் நின்ற பிறகும்

இருமல் மருந்தின் தித்திப்பு வாடை பட்டாலே எனக்கு இன்றும் குமட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ரெம்பியா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னோடு அறையில் தங்கியிருந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள். நாளுக்கு இரண்டு முறை குளிப்பாள். உள்பாவாடையைக்கூட இஸ்திரி போட்டு வைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. கிளினிக் மருந்தில் நின்றும் போனது. அவள் மருந்தை நிறுத்தவில்லை. ஷிப்டு மாறித் தூக்கம் கெட்டால் இரண்டு மூடி குடிப்பாள். சூப்பர்வைசர் திட்டினாலும் குடிப்பாள். பிறகு போத்தலையே வாயில் கவிழ்த்தாள்.

"அக்கா, வரும்போது ஒரு போத்தல் வாங்கிட்டு வாங்கலா. தொண்டை கரகரன்னு இருக்கு."

வாங்கி வந்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை.

குளியல் நின்றது. சொறிந்து சொறிந்து கையெல்லாம் ரத்தக்கீறல். சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுவாள். மலச்சிக்கல் என்று கழிவறையை அடைத்துக்கொண்டு கிடப்பாள். கேட்டால் எரிந்து விழுவாள். சோம்பேறி என்று முடிவு கட்டினேன். ஊசி, கஞ்சா என்றால் பயந்திருப்பேன்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு மருந்துக்கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். இரண்டாம் நாள் மூக்கும் கண்ணும் ஒழுக, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாள். பிறகு வாந்தி. பேதி பாயிலேயே போனது.

"எவன்டி அவன்? எத்தனை மாசம்?" என்று கத்தினேன். என் புத்தி அதற்குமேல் போகவில்லை.

மாற்றுத்துணி எடுக்க அவள் அலமாரியைத் திறந்தேன். அழுக்குத்துணிக்குள் காலி போத்தல்கள். வழிந்த மருந்தில் துணிகள் ஒட்டிக் கிடக்க, அவற்றின் மேல் எறும்புகள் மொய்த்தன. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே தமிழ் டாக்டரம்மா ஒருவர் இருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்மா?"

"நாலு... சில நாள் அஞ்சு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த மருந்துல போதை இருக்கு. முதல்ல சுகமா இருக்குதுன்னு குடிச்சிருப்பாங்க. இப்ப குடிக்கலன்னா இப்படி ஆகும்னு குடிக்கிறாங்க. கூடவே இருந்தீங்க, ஒண்ணும் தெரியலையா?"

நான்தானே வாங்கிக் கொடுத்தேன்.

தோட்டத்திலிருந்து அவள் அம்மா வந்தார். "இருமல் மருந்துதானேம்மா? சாராயமா குடிச்சிட்டா?" என்று என்னிடமே கோபப்பட்டு அவளை அழைத்துப் போனார்.

இரண்டு மாதத்தில் அவள் திரும்பி வந்து, "விட்டுட்டேன்க்கா, சத்தியமா" என்றாள். அவள் வாயிலிருந்து அதே வாடை வீசியது. கதவைச் சாத்திவிட்டேன். வெளியே வெகுநேரம் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அவள் மீது பாதி, என் மீது பாதி.

சில வருடம் கழித்து அலோர் காஜாவில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். இரண்டு முறை சிகிச்சைக்குப் போய் மருந்தை விட்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது.

"நீங்க கதவைச் சாத்தினது இன்னும் வலிக்குதுக்கா" என்றாள்.

"போத்தல் வாங்கித் தந்ததுக்கும் சேர்த்துத் திட்டு" என்றேன்.

அவள் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.