சதையியும் சுண்ணாம்புப் பேணியும்

என் தங்கை வெற்றிலை போடுவது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. புருஷன் போனபிறகு திரியாயிலிருந்து பாலையூற்றுக்கு என்னோடு இருக்க வந்தவள், நாலு சேலையும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்கிற ஒரு சின்னத் தகரப் பேணியும்தான் கொண்டுவந்தாள். என் சுவரில் சிவப்பு விரல் பட்டால் நான் ஏசுவேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவாள்.

போன மாரியில் ஒருநாள் காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் குந்திவிட்டாள். நோ என்று வாய்திறந்து சொல்லுகிறவள் இல்லை. பயந்துபோய் மகனோடு ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பித்தக்கல் குழாயை அடைத்ததில் சதையி வீங்கிவிட்டது என்றார்கள். இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற அந்த உறுப்பின் பெயரையே அன்றைக்குத்தான் கேட்டேன்.

வாட்டில் நின்ற டொக்டர் கிண்ணியா ஊர்ப் பெண்பிள்ளை. என் மகனைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினார். எனக்குச் சொல்லுங்கள், கூடப்பிறந்தவள் நான் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் சொன்னால் விளங்காத ஆளில்லை.

டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். சதையியின் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு சின்னக் கலத்துக்குள்ளும் சவ்வால் அடைத்த அறைகள் உண்டாம். கல்சியம் அவற்றுக்குள்ளேதான் இருக்குமாம். நாம் சாப்பிட்டால் சவ்விலுள்ள சின்னக் கதவுகள் திறந்து, கொஞ்சம் வெளியே வருமாம். சமிபாட்டு நீரை அனுப்பு என்பதற்கு அதுதான் சைகை. பிறகு கிணற்று மோட்டர் மாதிரி ஒன்று அதைத் திரும்ப அறைக்குள் இழுத்துவிடுமாம். பித்தம் சதையிக்குள் பின்பக்கம் ஏறினதில் இப்போது கதவுகள் சாத்தவில்லை, மோட்டர் ஓடச் சத்தில்லை. கல்சியம் கலம் முழுக்கப் பரவி, குடலுக்குப் போகவேண்டிய நீர் சதையியையே தின்னத் தொடங்கிவிட்டது.

கல்சியம் என்றால் என்ன என்று மகனைக் கேட்டேன். சுண்ணாம்பில் இருக்கிறதுதான் அம்மா என்றான். எனக்கு அது போதும். வீட்டுக்குப் போனதும் பேணியைத் தூக்கிக் குப்பைக்குள் எறிந்தேன்.

அடுத்தநாள் மத்தியானம், ஆசுப்பத்திரி வாசலில், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களை விலக்கிக்கொண்டு கஞ்சிப்போத்தலோடு உள்ளே போனால், வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். காலையிலிருந்தே மகன் கட்டிலடியில் நின்றான். தங்கைக்கு உதடு விறைத்திருந்தது. வலக்கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு உள்ளே மடங்கிப்போய்க் கிடந்தது. நேர்ஸ் ஊசிமருந்தோடு வந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். கல்சியம் என்றார். சேலைன் குத்தியிருந்த மற்றக் கையை நான் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதாலதான் இவ்வளவும் எண்டு உங்கட டொக்டர்தானே சொன்னவ. இப்ப அதையே ஏத்தப் போறியளோ? நான் விடமாட்டன்."

நேர்ஸ் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். நான் அசையவில்லை. தங்கை கண்ணைத் திறந்தாள்.

"என்ர பேணியை எறிஞ்சுபோட்டியளாம், அக்கா, மகன் சொன்னவன். ஊசியாலயாவது ஏத்தட்டன்."

"வாயைப் பொத்திக்கொண்டு கிட."

அதற்குள் டொக்டர் ஓடிவந்துவிட்டார். "அம்மா, கூடிப்போனது கலத்துக்குள்ள. இரத்தத்தில குறைஞ்சுபோச்சு. சிதைஞ்ச கொழுப்பு இரத்தத்தில இருக்கிறதையும் பிடிச்சு வைச்சிருக்கு. குடுக்காட்டி வலிப்பு வரும், இதயமும் பிசகும்."

"இரத்தத்தில ஏத்துறது அங்க போய்ச் சேராதோ?"

அவர் நேர்ஸிடமிருந்து ஊசிமருந்தை வாங்கினார். "அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதுதான் நானே பக்கத்தில நிண்டு, அளந்து, மெதுவா ஏத்துறன்."

பயமில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன். தங்கை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். விரல்நுனியில் எடுத்தால் வாய் சிவக்கும். கொஞ்சம் கூடினாலும் நாக்கு வெந்துபோகும். அவளுக்கு ஒருநாளும் கூடியதில்லை. நான் கையை எடுத்தேன்.

மருந்து இறங்க இறங்க அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. உள்ளே திறந்து கிடக்கிற கதவுகளைச் சாத்த என்ன மருந்து என்று கேட்டேன். அதற்கு இன்னும் மருந்து இல்லையாம். சேலைன் கொடுத்து, நோவைக் குறைத்து, அவையாகச் சாத்தும்வரை காத்திருக்கவேண்டுமாம். சாத்தாமலும் போகலாமோ என்று நான் கேட்கவில்லை.

மகனை வெளியே கூப்பிட்டேன். குப்பை வண்டி வரமுதல் வீட்டுக்குப் போய் அந்தப் பேணியைத் தேடி எடு என்றேன்.